கரண்ட் போன கிறிஸ்துமஸ்

பாட்டின் இரண்டாவது சரணத்தில் கரண்ட் போனது.

கிறிஸ்துமஸ் காலை ஆராதனை. சுங்கை வேயில் ஒரு கடைவீட்டு மாடியில்தான் எங்கள் சபை. கீழே டயர் கடை, மேலே நாங்கள். ஏர்கான் நின்றது, மின்விசிறிகள் நின்றன, கீபோர்டு நின்றது, எலெக்ட்ரிக் டிரம் நின்றது, பாடகர் குழுவின் மைக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் செத்தன. பின்பக்கச் சமையலறையில் பிரியாணியோடு சாப்பிட வெள்ளைச் சோறும் வேண்டுமென்று யாரோ இன்னொரு பெரிய ரைஸ் குக்கரைச் சொருகியிருக்கிறார்கள். அது பிறகு தெரிந்தது.

நிற்காமல் இருந்தது ஒன்றே ஒன்று. என் கிட்டார்.

நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆராதனையைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பலமாகவே அடித்தேன். இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.

நாங்கள் பாடிக்கொண்டிருந்தது 'மந்தைப் பாட்டு'. எங்கள் சபையிலேயே பிறந்த பாட்டு. வெளியில் யாருக்கும் தெரியாது. 'ஆடு மேய்ச்ச மக்களெல்லாம் ஓடி வாருங்க' என்று தொடங்கும், சரணத்துக்குச் சரணம் அந்த வரி திரும்ப வரும். கும்மி அடிக்கிற வேகம். 'மக்களெல்லாம்' வரை விரல்கள் கம்பிகளில் ஜி கார்டு என்ற பிடியில் இருக்கும். 'ஓடி' என்ற இடத்தில் சி கார்டுக்கு மாற வேண்டும். என் விரல்கள் ஜியை விட்டு எழுந்து சிக்குப் போய் உட்காருவதற்குள் நடுவில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை அந்த ஹாலில் நானே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

மைக் இல்லை, டிரம் இல்லை. பிடித்துக்கொள்ள என் கிட்டாரை விட்டால் குழுவுக்கு வேறு எதுவும் இல்லை. 'மக்களெல்லாம்' என்று பாடிவிட்டுப் பாதிப் பேர் என்னோடு நின்றார்கள். மீதிப் பேர் ஓடினார்கள். அடுத்த வரியில் நின்றவர்கள் ஓடினார்கள், ஓடியவர்கள் நின்றார்கள். பெத்லகேமுக்குப் போகிற வழியில் மேய்ப்பர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு விழுந்ததுபோல் ஆகிவிட்டது பாட்டு.

எனக்கு இடப்பக்கம் ஓரடி தள்ளி நின்றிருந்தாள் ஸ்டெல்லா. என் மனைவி, பாடகர் குழுவின் தலைவியும் அவள்தான். மறுபடியும் 'மக்களெல்லாம்' வந்தது. அவள் கையை நீட்டி, உள்ளங்கையை என் கிட்டார்க் கம்பிகள்மேல் வைத்து அமுக்கினாள்.

சத்தம் அடங்கியது. அவள் கையை எடுத்து இரண்டு கையாலும் தாளம் தட்ட ஆரம்பித்தாள். குழு அவளைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது. சபையும் சேர்ந்து தட்டியது. பாட்டு அழகாக முடிந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் கிட்டாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசி வரி வரை நின்றேன். முன்வரிசையில் ஒரு குழந்தை, "அந்த அங்கிள் ஏன் அடிக்கல?" என்று கேட்டது. அதன் அம்மா அவசரமாக அதன் வாயைப் பொத்தினாள்.

ஞாயிறு இல்லாதவன்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தெரியும். போன வாரம்கூட, செராஸ் அடுக்குமாடி ஒன்றில் சீர்வரிசைத் தட்டுகளோடு லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட சம்பந்தி வீட்டாரைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் மாட்டிக்கொண்டவன் நானேதான்.

லிஃப்டுகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வாரம் முழுக்க ஒழுங்காக ஏறி இறங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் நிற்கும். ஆகவே நான் வேலையில் இருந்த காலம் முழுக்க எனக்கு ஞாயிறு கிடையாது. ஸ்டெல்லா தனியாகத்தான் சர்ச்சுக்குப் போனாள், தனியாகத்தான் வந்தாள். ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் நான் கடைசி வரிசையில், போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மணி அடித்தால் எழுந்து ஓட வேண்டுமே.

ஓய்வு பெற்ற பிறகு அக்டோபர் மாதம் என்றால் என்னவென்று தெரிந்தது. பாடகர் குழுவுக்குப் பயிற்சி தொடங்கிவிடும். செவ்வாய் ஒரு பயிற்சி, வியாழன் ஒரு பயிற்சி, சனிக்கிழமை பகல் முழுக்கப் பயிற்சி. ரசத்தையும் அப்பளத்தையும் மூடி வைத்துவிட்டு அவள் போய்விடுவாள். நான் சோபாவில் ரிமோட்டோடு கிடப்பேன். வீட்டுக்கு வரும்போது அவள் முகத்தில் ஒரு களை இருக்கும். என்னோடு இருக்கும்போது அந்தக் களையை நான் பார்த்ததில்லை. பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

குழுவில் சேர்ந்துவிடலாம் என்றால் என் குரல் இடம் கொடுக்காது. கல்யாணமான புதிதிலேயே, "நீங்க மனசுக்குள்ள பாடுங்க, ஆண்டவருக்குக் கேக்கும்" என்று சொன்னவள் அவள். பாட்டுக் கதவு மூடியாயிற்று. மிச்சம் இருந்தது வாத்தியம்.

லேட்டாக வரும் விரல்

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேலே ஒரு அறையில் ஷாமினி என்ற இளம்பெண் கிட்டார் சொல்லிக்கொடுத்தாள். படியேறும்போதே மல்லிகை வாசம் மூக்கில் ஏறும். என்னோடு படித்தவர்களெல்லாம் பள்ளிக்கூடச் சீருடையில் வருவார்கள். அங்கிள் யாருக்கோ காத்திருக்கிறார் என்று நினைத்து ஒரு பையன் நாற்காலி இழுத்துப் போட்டிருக்கிறான்.

விரல் நுனிகளில் கம்பித் தடம் விழுந்தது. சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தால் எரியும். ஒரு மாதம் கரண்டியால் சாப்பிட்டேன்.

"அங்கிள், மத்த விரலெல்லாம் கரெக்டாதான் வருது. மோதிர விரல்தான் லேட்டா வருது" என்றாள் ஷாமினி.

"அது ஒரு தடவ லிஃப்ட் கதவுல மாட்டுன விரலும்மா."

"ஓக்கே லா அங்கிள். ஆனா பாட்டுக்கு அது தெரியாதே."

மெதுவான பாட்டு ஒன்றை முதலில் பழகலாம் என்று அவள் கெஞ்சாத குறையாகச் சொன்னாள். நான் கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஸ்டெல்லாவின் குழு கடைசியாகப் பாடுவது மந்தைப் பாட்டு. எனக்கு வேண்டியது அதுதான். நாலு கார்டு, ஒரே பாட்டு, ஒரே இடம். அதாவது, அவளுக்குப் பக்கத்து இடம்.

அடுத்த அக்டோபரில் ஒருநாள் சாயங்காலம் வீட்டு ஹாலில் அவளை உட்கார வைத்து முழுப் பாட்டையும் வாசித்துக் காட்டினேன். அவள் பயற்றங்காயை ஒடித்தபடியே கேட்டாள். வாசித்து முடித்த பிறகும் காயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கு. சனிக்கெழம பிராக்டிசுக்கு வாங்க" என்றாள்.

பாஸ் ஆகிவிட்டேன் என்று நினைத்தேன். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஸ்டெல்லா பக்கத்தில் நின்று வாசித்தேன். டிரம் காதைப் பிளக்கும்; என் கிட்டார் எனக்கே கேட்காது. ஆனால் ஸ்பீக்கரில் இருந்து 'ஜங் ஜக ஜங்' என்று வந்துகொண்டிருந்தது. ஆராதனை முடிந்ததும் இரண்டு பேர் வந்து கை குலுக்கி, "கிட்டார் சூப்பர்" என்றார்கள். நான் அடக்கமாக இருப்பதுபோல, "இன்னும் கத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்று சொன்னேன். மூன்று கிறிஸ்துமஸ் இப்படிப் போனது.

தாத்தா வேஷம்

நடுவில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டிசம்பர் பிறந்தால் குழு வேன் எடுத்துக்கொண்டு சபையார் வீடுகளுக்குக் கேரல் பாடப் போகும். செந்தூல் அடுக்குமாடிகளில் ஒருநாள், பிரிக்பீல்ட்ஸில் ஒருநாள் என்று முறை உண்டு. வாசலில் நின்று பாடிவிட்டு, முறுக்கும் கேக்கும் சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர வேண்டும். அங்கே மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. ஒரு கிட்டார், ஒரு தம்புரின், அவ்வளவுதான்.

அந்த ஒரு கிட்டார் என்னுடையதாக இருக்கும் என்று நானும் முதல் வருஷமே உறையோடு கிளம்பினேன். வேனில் ஏறுவதற்கு முன்னால் ஸ்டெல்லா ஒரு பையைக் கொடுத்தாள். உள்ளே சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி, வெள்ளைக் கையுறை.

"கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு ஆளே கெடைக்கலங்க. உங்க ஒடம்புக்குத்தான் இது கச்சிதமா இருக்கும். பிள்ளைங்க எல்லாம் காத்துக்கிட்டு இருக்கும்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மழை பெய்து ஓய்ந்த புழுக்கத்தில், பஞ்சு வாய்க்குள் போக, மாடி மாடியாக ஏறி மிட்டாய் கொடுத்தேன். குழந்தைகள் என் வயிற்றில் குத்திப் பார்த்தன. கிட்டாரைக் குழுவில் இருந்த வேறொரு பையன் வாசித்தான். கையுறை போட்ட கையால் எப்படி வாசிக்க முடியும்? அடுத்த வருஷமும் தாத்தா நான்தான். அதற்கடுத்த வருஷமும் நான்தான். இவ்வளவு பெரிய மரியாதையைச் சபை எனக்குக் கொடுக்கிறதே என்று அக்காவுக்குப் போன் போட்டு வேறு சொல்லியிருக்கிறேன்.

பிரியாணித் தட்டோடு

நாலாவது கிறிஸ்துமஸுக்கு, கரண்ட் போன அன்றைக்கு, வருகிறேன். ஆராதனை முடிந்து எல்லாரும் பிரியாணித் தட்டோடு நின்றார்கள். என்னைக் கண்டதும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். 'கிட்டார் சூப்பர்' என்ற இரண்டு பேரில் ஒருவர் தட்டிலேயே கண்ணை வைத்துக்கொண்டு ஊறுகாயைத் தேடினார்.

சவுண்டு பார்க்கிற ரவிதான் வலிய வந்தான். நல்ல பையன். வெள்ளை மனசு, அதுதான் ஆபத்து.

"சாரி அங்கிள். நான் உங்க லைன மூடித்தான் வெச்சிருந்தேன். அலாமா, கரண்டு டிரிப் ஆவும்னு யாருக்குத் தெரியும்!"

"எந்த லைன்?"

"கிட்டார் லைன் லா."

"எப்ப இருந்து மூடி வெச்சிருக்க?"

அவன் கரண்டியை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான். "மொத வருஷத்துல இருந்தே அங்கிள். ஆன்டி ஒங்ககிட்ட சொல்லலியா? உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"அப்ப ஸ்பீக்கர்ல வந்த கிட்டார் சத்தம்?"

"அது கீபோர்டு அங்கிள். ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா கிட்டார் மாதிரியே வரும்."

தட்டை ஒரு நாற்காலியில் வைத்தேன். ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். போதகர், குழு, நாற்காலி அடுக்குகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் நான். மூன்று வருஷமாகச் சத்தம் வராத கிட்டாரைத் தலையை ஆட்டி ஆட்டி வாசித்திருக்கிறேன். அந்தத் தலையாட்டல் நினைவுக்கு வந்தபோதுதான் எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

ஹைவேயில்

கிறிஸ்துமஸ் சாயங்காலம் குழுவுக்குக் கிள்ளானில் என் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அது பல வருஷ வழக்கம். அக்காவுக்கு முட்டி ஆபரேஷன் ஆன பிறகு சபைக்கு வர முடிவதில்லை. ஆராதனையை லைவில் பார்ப்பாள். ஆகவே சபை அவளிடம் போகும்.

பெடரல் ஹைவேயில் நான் ஓட்ட, ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பழக்கேக் டப்பா அவள் மடியில் இருந்தது. ஷா ஆலம் வந்ததும் கேட்டேன்.

"லைன மூடச் சொன்னது நீயா?"

"ஆமாங்க."

"தாத்தா வேஷமும் அதுக்குத்தானா?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அதுவே பதில். அந்தக் கையுறையை நினைத்தேன். அக்காவுக்குப் போட்ட போனை நினைத்தேன்.

"அன்னிக்கு வீட்டுலயே சொல்லியிருக்கலாமே. பயத்தங்கா ஒடிச்சிக்கிட்டு இருந்தியே, அப்பவே."

"சொல்லிருந்தா என்ன பண்ணிருப்பீங்க?"

"கிட்டார வெச்சிட்டு சும்மா இருந்திருப்பேன்."

"அதான். வீட்டுலயே இருந்திருப்பீங்க." கேக் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. "இத்தன வருஷமா கிறிஸ்துமஸ் பாட்டு முடிஞ்சதும் எல்லாரும் அவங்கவங்க புருஷன் பிள்ளைங்கிட்ட போவாங்க. நான் பாட்டுப் புஸ்தகத்த அடுக்கிக்கிட்டு நிப்பேன். நீங்க பக்கத்துல நிக்கணும்னு இருந்துச்சு. வாசிக்கிறது எப்படி இருந்தா என்னன்னு நெனச்சேன்."

"அப்படின்னா காலையில ஏன் கைய வெச்ச?"

டப்பா மூடியைத் தடவிக்கொண்டே, "எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க" என்றாள் மெதுவாக.

கோபப்பட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. கோபம் வந்தால் நிமிர்ந்து உட்காரலாம். வந்தது வெட்கம் மட்டும்தான். அதற்கு நிமிரத் தெரியாது.

அக்கா கேட்டது

அக்கா வீட்டு முன்தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆட்டிறைச்சிக் குழம்பும் தோசையும் வந்துகொண்டிருந்தன. மூன்று காரில் வந்து இறங்கிய குழு முழுதும் அங்கே இருந்தது. நான் தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். அக்கா விடுவாளா?

"தம்பி, இங்க வா. காலைல லைவ் பாத்தேன்டா, நடுவுல கட்டாயிருச்சு. போன வருஷமும் பாத்தேன். உன் கை ஆடுது, தலை ஆடுது, ஆனா எது உன் சத்தம்னு தெரிய மாட்டேங்குது. என் பக்கத்துல உக்காந்து ஒரு வாட்டி அடிச்சிக் காட்டேன்."

எல்லாரும் தோசையைப் பார்த்தார்கள். ரவி மட்டும் என்னைப் பார்த்தான், பாவம்.

"கம்பி அறுந்து போச்சுக்கா" என்றேன்.

ஸ்டெல்லா எழுந்து காருக்குப் போனாள். பூட்டைத் திறந்து கிட்டாரை எடுத்து வந்து, உறையைக் கழற்றி என் மடியில் வைத்தாள். ஆறு கம்பியும் விறைப்பாக இருந்ததை அக்கா பார்த்தாள், குழுவும் பார்த்தது. ஒரே நாளில் இரண்டாவது தடவையாக எல்லார் முன்னாலும் மாட்டிக்கொண்டேன்.

"காலையில பட்டது போதாதா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காதில் கேட்டேன்.

அவள் குழுவின் பக்கம் திரும்பினாள். "மந்தப் பாட்டு. எல்லாரும் இவரு கையப் பாருங்க. இவரு கை போன பிறகு நாம போவோம்."

குழுவில் மூத்த பெண்மணி ஒருவர், "அப்ப தாளம்?" என்றார்.

"இவருதான் தாளம்."

எழுந்து போயிருக்கலாம். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்து காத்திருந்தாள். ஜியைப் பிடித்தேன்.

'ஆடு மேய்ச்ச மக்களெல்லாம்' என்று எடுத்தார்கள். என் விரல்கள் கிளம்பின. குழு 'ம்ம்ம்' என்று இழுத்துக்கொண்டு நின்றது. மோதிர விரல் வந்து உட்கார்ந்தது. அடித்தேன். 'ஓடி வாருங்க' என்றார்கள். அடுத்த வரிக்கும் இப்படியே. ஒவ்வொரு கார்டுக்கும் நின்று நின்று, கும்மிப் பாட்டு தாலாட்டைவிட மெதுவாகப் போனது.

"என்னடா இது, மேய்ப்பருங்களும் என்ன மாதிரி முட்டிய ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்களா?" என்றாள் அக்கா.

அடக்கி வைத்திருந்த சிரிப்பு எல்லாருக்கும் வெடித்துவிட்டது. தம்புரின்காரன் தம்புரினால் முகத்தை மூடிக்கொண்டான். பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக விட்டுவிட்டுத் தோளைக் குலுக்கிச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் என் கழுத்து வரைக்கும் சூடு ஏறியது. விரல் வழுக்கி வேறு கம்பியில் விழுந்தது. சி எங்கே இருக்கிறதென்று தேடினேன்.

ஸ்டெல்லா 'மக்களெல்லாம்' என்ற இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அரைத் தாளம் முந்தினதற்காக ஒருவரைப் பயிற்சியிலிருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பியவள் அவள். சிரிக்கிறவர்கள் எல்லாம் அவள் பழக்கிய ஆட்கள். அவள் குரல் மெலிந்தது, மூச்சு தீர்ந்து உடைந்தது. மூச்சை வாங்கிக்கொண்டு எனக்குக் காத்திருக்காமல் 'ஓடி'க்குப் போயிருக்கலாம். போகவில்லை. தலையைக் குனிந்து, புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் என்னைப் போலவே வெட்கமாக இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விரல் வந்து சேர்ந்தது. அடித்தேன்.

"ஓடி வாருங்க" என்று அவள் ஒருத்தி மட்டும் பாடினாள்.